இன்ஜின் பிளாக்கைப் பூட்டும் முன்...

போர், ஹோனிங் முடிந்து லேத் பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை அப்படியே பூட்டிவிடாதீர்கள். சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் கல்தூள் புது ரிங்கையும் பிஸ்டனையும் சீக்கிரமே தின்றுவிடும். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்குமே தவிர, இந்தத் தூளை முழுதாக எடுக்காது. வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, நைலான் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். ஈரம் போனதும் வெள்ளை பனியன் துணியில் இன்ஜின் ஆயில் தொட்டு, சுவரைத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டியதுதான். மூன்று நான்கு தடவைகூட ஆகும், சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, நீளமான மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுங்கள். பிறகு கம்ப்ரஸர் காற்று அடியுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. அடி மூடிய போல்ட் துளைகளையும் மறக்க வேண்டாம். அதில் தண்ணீர் தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது ஏறும் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம்.

அலுமினிய பிளாக் என்றால் காஸ்டிக் சோடா கூடவே கூடாது, உலோகத்தையே அரித்துவிடும். பெட்ரோலும் வேண்டாம், தீ அபாயம்.

கழுவிய வார்ப்பிரும்பில் சில நிமிடங்களிலேயே துரு பூக்கும். உலர்த்திய கையோடு சிலிண்டரில் ஆயில் பூசி, பிளாஸ்டிக் பையால் மூடிவையுங்கள்.