டிகிரி முடிச்சாச்சு... ராணுவத்தில் சிப்பாயா, அதிகாரியா?

காலை ஐந்து மணிக்குப் புதுக்கோட்டை மாவட்ட விளையாட்டு அரங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். விடியும் முன்பே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை, பொன்னமராவதி என எந்த ஊர்ச் சாலையிலும் இதே காட்சிதான். பாதிப் பேர் போலீஸ் தேர்வுக்கு, மீதிப் பேர் ஆர்மி ஆளெடுப்புக்கு. இவர்களில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களும், கடைசி வருஷம் படிப்பவர்களும் உண்டு.

அவர்களிடம் "அதிகாரி தேர்வு எழுதலாமே தம்பி?" என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில், "அதெல்லாம் நமக்கு எங்கண்ணே, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான்!"

இந்தப் பதில் சரியில்லை. உங்கள் கையில் ஒரு டிகிரி இருந்தால், ராணுவ அதிகாரி தேர்வு எழுதும் தகுதி உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. எந்த வாசலில் முதலில் நுழைவது என்பதை உங்கள் பிறந்த தேதியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கை இன்று சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாசல்: அக்னிவீர்

தரைப்படையில் சாதாரண சிப்பாயாகச் சேர இன்று இருக்கும் முக்கிய வழி அக்னிவீர்தான். 2022 ஜூன் 14-ல் மத்திய அரசு இந்தத் திட்டத்தை அறிவித்தது. இதன் முக்கிய விவரங்கள்:

• பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன்பின் ஒரு தொகுப்பில் 25 சதவீதம் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்குத் தேர்வு செய்யப்படுவார்கள்.
• சம்பளம் முதல் ஆண்டில் மாதம் ரூ.30,000, நான்காம் ஆண்டில் ரூ.40,000. இதில் 30 சதவீதம் 'சேவா நிதி'க்குப் பிடிக்கப்படும். அதனால் முதல் வருஷம் கைக்கு வருவது ரூ.21,000.
• பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் ரூ.11.71 லட்சம் கிடைக்கும். இதற்கு வருமான வரி கிடையாது.
• 4 ஆண்டில் வெளியே வருபவர்களுக்கு ஓய்வூதியமும் பணிக்கொடையும் இல்லை. பணிக்காலத்தில் ரூ.48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம்.
• பொதுப் பணிப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும்.

புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் கணினி வழிப் பொது நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மட்டும் உடல்தகுதி முகாம். இந்தத் தேர்வை 2025 முதல் தமிழிலும் எழுதலாம். முகாமில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண் 60.

இரண்டாவது வாசல்: சி.டி.எஸ்.

சி.டி.எஸ். என்பது முப்படைகளில் அதிகாரியாகச் சேர்வதற்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. யு.பி.எஸ்.சி. இதை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. கடைசி வருஷம் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.

• டேராடூன் இந்திய ராணுவ அகாடமிக்கும் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் (ஓ.டி.ஏ.) எந்தப் பாடத்தில் டிகிரி இருந்தாலும் போதும். தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம்.
• கடற்படைக்கு இன்ஜினீயரிங் டிகிரி வேண்டும். விமானப்படைக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்த பட்டதாரிகள் அல்லது இன்ஜினீயரிங் முடித்தவர்கள்.
• டேராடூனுக்கு வயது 19 முதல் 24. ஓ.டி.ஏ.வுக்கு 19 முதல் 25.
• ஓ.டி.ஏ.வில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். எனவே தங்கைகளே, இந்தப் பாடம் உங்களுக்கும்தான்.
• பயிற்சியின்போதே மாதம் ரூ.56,100 உதவித்தொகை. லெப்டினன்ட் ஆனதும் அடிப்படைச் சம்பளம் ரூ.56,100, அதற்கு மேல் ராணுவப் பணி ஊதியம் ரூ.15,500, அகவிலைப்படி மற்றும் பிற படிகள்.
• டேராடூன் வழி நிரந்தரப் பணி. ஓ.டி.ஏ. வழி குறுகிய காலப் பணி: 10 ஆண்டுகள், விரும்பினால் மேலும் 4 ஆண்டுகள் வரை.

என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வைத்திருக்கிறீர்களா? குறைந்தது 'பி' கிரேடும் டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால், என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக நேர்முகத்துக்குப் போகலாம். கல்லூரி மைதானத்தில் வெயிலில் நின்ற மூன்று வருஷத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது. பலர் அந்தச் சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்!

இப்போது வயதுக் கணக்கு

2005 ஜூனில் பிறந்த ஒருவர் 2026-ல் மாமன்னர் கல்லூரியில் பி.எஸ்சி. முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிகிரி கைக்கு வரும்போது அவருக்கு 21 வயது.

அக்னிவீர் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வயது வரம்பு 17½ முதல் 21 வரை (முதல் ஆண்டுக்கு மட்டும் 23 வரை தளர்வு தரப்பட்டது). ஒவ்வோர் ஆண்டு அறிவிப்பிலும் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதிக்குள் பிறந்தவர்கள்' என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியை முதலில் படியுங்கள். எப்படிப் பார்த்தாலும், டிகிரி முடித்தவருக்கு இந்த வாசல் சாத்தப்படும் நேரம் நெருங்கிவிட்டது.

சி.டி.எஸ்.ஸில் அதே இளைஞருக்கு, கடைசி வருஷத்திலிருந்து எண்ணினால், டேராடூனுக்கு மட்டும் ஏறக்குறைய 5 வாய்ப்புகள். ஓ.டி.ஏ.வுக்கு மேலும் 2.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து 18 வயதில் அக்னிவீர் ஆகிறவர் 22-ல் வெளியே வருவார். அஞ்சல் வழியில் டிகிரி முடித்திருந்தால், அதிகாரி தேர்வு எழுத அவருக்கு இன்னும் வயது இருக்கும். 21 வயதில் சேரும் பட்டதாரி வெளியே வரும்போது வயது 25. அப்போது சி.டி.எஸ். வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதாவது, 18 வயதுத் தம்பிக்குச் சரியாக இருக்கும் முடிவு 21 வயது அண்ணனுக்குச் சரியாக இருக்காது.

"உள்ளே போய்விட்டால் அப்புறம் அதிகாரி ஆகிக்கலாம்" என்று சிலர் சொல்வார்கள். வழி இருப்பது உண்மைதான். படையில் பணியாற்றும் வீரர்கள் டேராடூனில் உள்ள ஆர்மி கேடட் கல்லூரி வழியாக அதிகாரி ஆகிறார்கள். ஆனால் அதற்கும் வயது, பணிக்கால நிபந்தனைகள் உண்டு. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எது கஷ்டம்? உண்மையைப் பேசுவோம்

சி.டி.எஸ். சுலபம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் தடை மொழி. ஆங்கிலம் ஒரு தனித் தாள். பொது அறிவு, கணிதத் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும்.

நல்ல செய்தியும் இருக்கிறது: ஓ.டி.ஏ.வுக்குக் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும். "கணக்குன்னாலே பயம்" என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் எஸ்.எஸ்.பி. எனப்படும் 5 நாள் தேர்வு. பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் தங்கவைத்துச் சோதிப்பார்கள். முதல் நாளே வடிகட்டல். ஒரு படத்தைச் சில நொடிகள் காட்டி, அதைப் பற்றிக் கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேசச் சொல்வார்கள். அதில் தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். மற்றவர்களுக்கு உளவியல் தேர்வு, மைதானத்தில் குழுப் பணிகள், நேர்காணல். நீங்கள் பொறுப்பு எடுப்பீர்களா, கூட இருப்பவரைப் பேச விடுவீர்களா, நெருக்கடியில் யோசிப்பீர்களா என்பதைப் பார்ப்பார்கள். திருவிழாவுக்கு வசூல் செய்து கணக்கு ஒப்படைத்தவர், ஊர்க் கபடி அணியை நடத்தியவர் எல்லாம் இந்த வேலையைத் தெரியாமலேயே செய்து பழகியவர்கள்தான். அந்தப் பிரிவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் அல்லது பேருந்துக் கட்டணம் திருப்பித் தரப்படும்.

இரண்டு வாசல், ஒரே மரியாதை

அதிகாரி உயர்த்தி, சிப்பாய் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் கே.பழனி 18 வயதில் படையில் சேர்ந்தவர். 2020 ஜூன் 15-ல் கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்தார். அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. மேஜர் முகுந்த் வரதராஜன் பி.காம். பட்டதாரி, இதழியலில் டிப்ளமோவும் முடித்தவர். சென்னை ஓ.டி.ஏ.வில் பயிற்சி பெற்று 2006-ல் அதிகாரியானார். 2014-ல் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்த அவருக்கு அசோக சக்ரா கிடைத்தது. இருவரும் வேறு வேறு வாசல் வழியாகப் போனார்கள். இருவருக்கும் ஒரே சல்யூட்தான்.

இதழியல் படித்த எனக்கு ஒன்று தோன்றுகிறது. முகுந்த் படித்த பாடங்களில் 'ராணுவம்' என்று எதுவும் இல்லை. நம்ம ஊர் பி.காம். மாணவருக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அப்படியானால் என்ன செய்யலாம்?

வீட்டில் இந்த மாதமே வருமானம் தேவை, அப்பாவால் வேலைக்குப் போக முடியவில்லை, வயதும் வரம்புக்குள் இருக்கிறது என்றால், அக்னிவீர் நியாயமான முடிவு. சேவா நிதியை என்ன செய்வது என்று சேரும் முன்பே வீட்டில் பேசி வைத்துவிடுங்கள். வெளியே வரும்போது மத்திய ஆயுதப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு இடஒதுக்கீடு இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு வருஷம் வீடு தாங்கும் என்றால், முதலில் அதிகாரி வாசலைத் தட்டுங்கள். கிடைக்காவிட்டாலும் உழைப்பு வீண் போகாது. அதே பொது அறிவும் ஆங்கிலமும் மத்திய ஆயுதப் படைகளின் உதவி கமாண்டன்ட் தேர்வுக்கும், தமிழ்நாடு காவல் சார்பு ஆய்வாளர் தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி.க்கும் உதவும்.

முடிவு எடுக்க முடியவில்லையா? இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். விண்ணப்பிப்பதில் தடை இல்லை. சேரும் நாளில்தான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி ஆகியவை ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் இப்போதே திருத்துங்கள்.
2. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றுக்கு அருகிலுள்ள இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆளெடுப்பு அறிவிப்பு வந்தபின் ஓடினால் நெருக்கடிதான். திருமணமாகாதவர் சான்றும் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அறிவிப்பில் சொன்ன மாதிரியில் வாங்குங்கள்.
3. புதுக்கோட்டை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். போட்டித் தேர்வுக்கான புத்தகங்களும் பயிற்சியும் இலவசம்.
4. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் ஊரிலேயே ஓய்வு பெற்ற ராணுவத்தினர் இருப்பார்கள். அவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் பத்து வீடியோ பார்ப்பதைவிடத் தெளிவு கிடைக்கும்.
5. அக்னிவீர் அறிவிப்புக்கு இந்திய ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளம், சி.டி.எஸ்.ஸுக்கு யு.பி.எஸ்.சி. இணையதளம். இந்த இரண்டை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப் பார்வர்டை நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

"மூணு லட்சம் கொடுங்க, ஆர்மியில சீட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ராணுவத்தில் வேலைக்கு விலை கிடையாது. அசல் சான்றிதழ்களை எந்த இடைத்தரகர் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. காலை ஐந்து மணி ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். இரண்டு வாசலுக்கும் அது தேவை. ஓடி முடித்து வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகையை வாய்விட்டுப் படியுங்கள். அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டாவது வாசலின் சாவி.