கிணற்று நீர்மட்டம் காட்டும் திசை

2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, வயலில் கச்சா எண்ணெய் பரவியது. இதை ஒன்பதாம் வகுப்பில் கூறியபோது, "அது கிணத்துக்கு வருமா மிஸ்?" என்றாள் ஒரு மாணவி. ஒரகடம் பகுதியில் எண்ணெய்க் கிணறுகள் இல்லை. தொழிற்சாலைகளும் ஆழ்துளைக் கிணறுகளும் உண்டு. எனவே இக்கேள்வி நமக்கும் உரியதே.

முன்னறிவு
எண்ணெயுடன் மேலே வரும் நீர் பல இடங்களில் கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. எண்ணெயின் ஒரு பகுதி மண்ணில் ஒட்டும், நுண்ணுயிரிகளால் சிதையும். குளோரைடு பெரும்பாலும் ஒட்டாது, சிதையாது, நீருடனே நகரும். ஆகவே, உப்பு கூடுவது முதல் எச்சரிக்கை.

கணக்கு
கிணறு அ: தரை உயரம் 10.0 மீட்டர், நீர் ஆழம் 4.2 மீட்டர்.
கிணறு ஆ: தரை உயரம் 9.6 மீட்டர், நீர் ஆழம் 3.2 மீட்டர்.

தரைச் சரிவைப் பார்த்து, அ-விலிருந்து ஆ-வுக்கு நீர் செல்லும் என்று கரும்பலகையில் எழுதினேன். "தண்ணி மண்ணுக்குக் கீழதானே மிஸ் ஓடுது?" என்றான் ஒரு மாணவன். கழித்துப் பார்த்தோம்: அ 5.8, ஆ 6.4. திசை நேர் எதிர்! என் பிழையை மாணவர்கள் முன்பே திருத்தினேன். வரைபடத்தில் திசையைக் குறிக்க மூன்றாவது கிணறும் தேவை.

செயல்பாடு
1. தட்டில் ஆற்றுமணல் பரப்பி, ஒரு முனையைச் சற்று உயர்த்துக. துளையிட்ட மூன்று சிறு குப்பிகளைக் கிணறுகளாகப் புதைக்க. ஒன்று ஓரமாக இருக்கட்டும்.
2. மேல்முனையில் நீரைச் சொட்டவிட்டு, கீழ்முனையில் வடியவிடுக.
3. மேல்முனையில் உப்புநீர் ஊற்றும் முன், எந்தக் கிணற்றில் முதலில் உப்பு ஏறும் என்று எழுதச் சொல்க. பின் டிடிஎஸ் மீட்டரால் சரிபார்க்க.
4. புதிய மணலில் மீண்டும் செய்க. இம்முறை ஓரக் கிணற்றிலிருந்து சிரிஞ்சால் தொடர்ந்து நீர் உறிஞ்சுக.

எங்கள் தட்டில் உப்பு ஓரக் கிணற்றை நோக்கித் திரும்பியது. "அப்போ லாரிக்குத் தண்ணி எடுக்கிற போர் பக்கமும் இப்படித் திரும்புமா?" என்ற கேள்வி தானாகவே வந்தது. திரும்பக்கூடும். அதனால் நீர்மட்டத்தை ஒருமுறை அளந்தால் போதாது.

கவனிக்க
திறந்த கிணற்றில் ஆசிரியரே அளக்க வேண்டும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதபோது 2000 வரை. மீட்டர் எண்ணெயையோ, எந்த உலோகம் உள்ளது என்பதையோ காட்டாது. அளவு திடீரென உயர்ந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்.

மதிப்பீடு
பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தையும் டிடிஎஸ் அளவையும் மாதந்தோறும் பதிந்து, வரைபடம் வரைக. அடுத்த மாத அளவை முன்கூட்டியே எழுதி ஒப்பிடுக.