மோட்டார் வண்டியில் இறுகிய ஸ்டியரிங் குடத்தைக் கழற்றும் முறை

மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கழற்றுவது நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலை. வண்டிக்கு முட்டுக் கொடுத்துக் கடையாணியை உருவிவிட்டால் சக்கரம் அச்சைவிட்டு வெளியே வந்துவிடும். அச்சின்மேல் சக்கரம் சுழலவேண்டும் என்பதற்காகவே குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே சிறிது இடம் விட்டு, மையும் போட்டு வைக்கிறோம். மோட்டார் வண்டியின் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் வட்டை உண்டு, ஆரக்கால் உண்டு, குடம் உண்டு. ஆனால் அதன் தருமம் இதற்கு நேர்மாறானது. அங்கே குடமும் தண்டும் ஓருடலாகத் திரும்பவேண்டும். ஒன்றின்மேல் ஒன்று இம்மி நழுவினாலும், ஓட்டுகிறவர் சக்கரத்தைத் திருப்புவார், வண்டி திரும்பாது. ஆகையால் அது கழலாதபடி இறுகியிருப்பது குறையன்று, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர்களே சுத்தியலைத் தேடுகிறார்கள்.

பழைய ஜீப், அம்பாஸடர் போன்ற வண்டிகளை இன்னும் ஓட்டிவரும் அங்கத்தினர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. எனினும் சாலையில் எஞ்சிய வண்டிகள் பல. புது வண்டி வைத்திருப்போர் இதைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுக்கவேண்டாம். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அது ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தவறிக் கிளம்பினால் ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்து, எதிரே குனிந்திருப்பவரின் முகத்தில் மோதும். அவ்வேலை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது.

குடம் ஏன் இறுகுகிறது? ஸ்டியரிங் தண்டின் மேல்முனையில் நெடுக நுண்ணிய பல்வரிகள் வெட்டப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் இதை ஸ்ப்ளைன் என்பார்கள். குடத்தின் துளையிலும் அதற்கு இணையான வரிகள் உண்டு. பல வண்டிகளில் தண்டின் இப்பகுதி மேலே செல்லச் செல்ல மெல்லக் குறுகும். நட்டை முடுக்கும்போது குடம் கீழிறங்கி, மரத்தில் அடித்த ஆப்பைப் போல் தண்டைக் கவ்விக்கொள்கிறது. ஆப்பின் சரிவு மிகக் குறைவாயிருந்தால் அடித்த கையை எடுத்த பின்னும் அது தானாக வெளியே வராது. இங்கும் அவ்வாறே. நட்டைக் கழற்றினாலும் பிடி தளர்வதில்லை. பிடியை உண்டாக்கியது நட்டு, காத்து நிற்பது உராய்வு. இதன்மேல் இருபது முப்பது ஆண்டு மழை ஈரமும் கை வியர்வையும் இறங்கித் துரு ஏறினால் கேட்கவேண்டியதில்லை. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது; வரிகளின் நடுவே பெருத்து, இன்னும் நெருக்கிவிடும். அலுமினியக் குடமானால் ஈரம் பட்ட இடத்தில் வெண்ணிறப் பொடி பூத்து இதே காரியத்தைச் செய்கிறது. பம்ப் செட் மோட்டாரின் புல்லியை மாற்ற முயன்ற விவசாயிகளுக்கு இந்தத் தொல்லை புதிதன்று.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பணி பார்த்துவந்த இடத்தில் நூல் கட்டுகள் ஏற்றிச் செல்ல ஒரு பழைய ஜீப் இருந்தது. ஸ்டியரிங் வட்டையின் மேலுறை வெடித்துக் கையைக் கிழித்தது. மாற்றவேண்டும் என்று முடிவாயிற்று. தீபாவளிக்கு முந்தைய மாதம் அது. சாலையோரப் பட்டறை ஒன்றில் விட்டோம். நட்டைக் கழற்றினார்கள், குடம் அசையவில்லை. ஒருவர் வட்டையை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடிக்க, மற்றொருவர் தண்டின் தலையில் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். நானும் பக்கத்தில் நின்றேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியும் சொல்லவில்லை. ஐந்தாவது அடியில் குடம் கழன்று வந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். புதுச் சக்கரத்தை மாட்ட முயன்றபோதுதான் தண்டின் தலை காளானாக விரிந்து மரை நசுங்கியிருப்பது தெரிந்தது. அதை அரம் போட்டுச் சரிசெய்து நட்டை ஏற்றினார்கள். வண்டி ஓடிற்று. ஆனால் சக்கரத்தைத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் கல்லில் தட்டுவதுபோல் நின்று நின்று வந்தது.

காரணத்தைப் பிறகு அறிந்தேன். அந்த ஜீப்பில் தண்டின் கீழ்முனை ஒரு பெட்டிக்குள் முடிகிறது. அங்கே தண்டை இரு பக்கமும் எஃகுக் குண்டுகள் தாங்குகின்றன. மேலே விழுந்த ஒவ்வோர் அடியும் தண்டின் வழியே நேராக இறங்கி, அக்குண்டுகளை அவை அமர்ந்த கிண்ணத்தில் அழுத்திப் பள்ளம் செய்துவிட்டது. பெட்டியைப் பிரித்துப் பாகம் வாங்கி மாற்ற ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் பாவு ஓட்ட நூலின்றிச் சில வீடுகளில் தறி நின்றது. உறை வெடித்த ஒரு வட்டைக்காக அத்தனையும்.

வேறு சில வண்டிகளில் இந்த அடி இன்னும் கேடு விளைவிக்கும். விபத்தில் ஓட்டுகிறவரின் மார்பைக் காக்கவென்று, மோதினால் தானே சுருங்கும் ஸ்டியரிங் தூண்கள் 1967 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்தன. பின்னர் உலகெங்கும் வழக்கமாயின. அவற்றுள் பலவற்றில் தூணின் இரு பாகங்களைச் சேர்த்து வைத்திருப்பவை சிறு பிளாஸ்டிக் முளைகளே. சம்மட்டி அடியை அத்தூண் விபத்தென்றே கருதிச் சுருங்கிவிடும். பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆகவே அடிக்கக்கூடாது, இழுக்கவேண்டும். அதிலும் வெளியிலிருந்து இழுப்பதன்று. தண்டைக் கீழே தள்ளும் விசையும் குடத்தை மேலே தூக்கும் விசையும் ஒரே கருவிக்குள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளவேண்டும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் குண்டுகளுக்கு ஒரு பாரமும் போகாது. பட்டறையில் புல்லர் என்று சொல்லும் கருவி செய்வது இதுதான்.

வேலையைத் தொடங்குமுன் முன்சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை எடுத்துவிடுங்கள்; இல்லாவிடில் ஹாரன் வேலை முழுதும் அலறிக்கொண்டிருக்கும், கம்பியும் எங்காவது தொட்டுப் புகையும். ஹாரன் பொத்தானையும் அதன் அடியிலுள்ள சுருள்வில்லையும் எடுத்து, எடுத்த வரிசையில் ஒரு தாளின்மேல் வையுங்கள். பல பழைய வண்டிகளில் தண்டு உள்ளே குழலாக இருந்து, ஹாரன் கம்பி அதன் வழியே மேலே வரும். அதன் நுனியைக் குழலுக்குள் இறக்கிவிட்டால் நசுங்காது.

அடுத்து நட்டு. ஒருவர் வட்டையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் தளர்த்தவேண்டும். சாவி போட்டுப் பூட்டும் வகை ஸ்டியரிங்கானால் அந்தப் பூட்டை நம்பி நட்டைத் திருகாதீர்கள், பூட்டின் முளை ஒடியும். நட்டை முழுவதும் கழற்றிவிடவும் வேண்டாம். அதன் மேல்விளிம்பு தண்டின் தலைக்குச் சமமாக வரும்வரை தளர்த்தினால் போதும். குடத்துக்கும் நட்டுக்கும் நடுவே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். குடம் விடுபடும்போது மெல்ல விடுபடுவதில்லை, துள்ளி வரும். நட்டு அங்கே காவல் நிற்காவிட்டால் குனிந்திருப்பவரின் பல்லும் உதடும் போகும். நட்டு தளர்ந்த பின் குடத்திலும் தண்டின் முனையிலும் ஒரே நேர்கோட்டில் ஒவ்வொரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும், வண்டி நேராகப் போகச் சக்கரம் கோணலாக நிற்கும்.

இனி எண்ணெய். குடத்தின் மேல்விளிம்பில் தண்டைச் சுற்றித் துருவைச் சுரண்டிவிட்டு, துருவில் ஊறும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடையில் விற்கும் எண்ணெய் இல்லையேல் மண்ணெண்ணெயில் சிறிது என்ஜின் எண்ணெய் கலந்தது உதவும். சாயங்காலம் விட்டு, படுக்குமுன் ஒருமுறை விட்டு, விடிந்ததும் மறுமுறை விடவேண்டும். எண்ணெய் விட்ட கையோடு இழுக்கிறவர்கள் எண்ணெயை வீணாக்குகிறார்கள். இந்த ஓர் இரவைத்தான் எங்கள் ஜீப்புக்குக் கொடுக்க மனமில்லாமல் ஒன்பது நாளைக் கொடுத்தோம்.

குடத்தில் மரை வெட்டிய இரு துளைகள் இருந்தால் வேலை எளிது. அவற்றுக்குப் பொருந்தும் போல்ட்டுகளைப் புல்லரின் தட்டின் வழியே முழுதாக ஏற்றி, நடுத்திருகைத் தண்டின்மேல் ஊன்றவேண்டும். துளை இல்லாத குடமானால், மெல்லிய கால்களையுடைய புல்லரைக் குடத்தின் அடியில் கொடுக்கவேண்டும். கால் நுழைய இடமில்லையென்றால் இரு பாதியாகப் பிளந்த தட்டை அடியில் கவ்வவைத்து அதிலிருந்து இழுக்கலாம். ஆரக்காலில் மாட்டி இழுப்பது வேண்டாம். ஆரம் வளையும், குடம் வராது. தண்டு குழலாயிருந்தால் அதன் வாயில் பொருந்தும் எஃகுத் துண்டொன்றை வைத்து அதன்மேல் திருகை ஊன்றுங்கள். திருகு தண்டின்மீதே அழுத்தவேண்டும், நட்டின்மீதன்று.

நடுத்திருகுக்கு மரையில் சிறிது கிரீஸ் தடவி மெல்ல முடுக்குங்கள். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரில் 10 கிலோ விசை கொடுத்தால், 12 மில்லிமீட்டர் திருகின் முனையில், உராய்வுக்குப் போக ஏறக்குறைய 800 கிலோ விசை கிடைக்கும். சம்மட்டிக்காரர் தேடியது இந்த விசையைத்தான்; அது ஓசையின்றியே கையில் இருக்கிறது. திருகு இறுகியதும் நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் காத்திருங்கள், பிறகு கால் திருகு கூட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால், குடத்தின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டைக் கொடுத்து, எதிர்ப்பக்கம் சிறு சுத்தியலால் இலேசாகத் தட்டலாம். இது பக்கவாட்டில் தட்டுவது. தண்டின் தலையில் அடிப்பதன்று. விசையில் நிற்கும் குடத்துக்குப் பல சமயம் இந்தச் சிறு அதிர்ச்சியே போதும்.

அதற்கும் மசியாத குடத்துக்குச் சூடு. 20 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் குடத்தைத் தண்டைக் காட்டிலும் 100 டிகிரி அதிகமாகச் சூடேற்றினால் துளை சுமார் 0.024 மில்லிமீட்டர் விரியும், அலுமினியமானால் 0.046. நெசவாளர் கணக்கில் சொன்னால், முதலாவது அளவு 40-ஆம் நெம்பர் நூலின் பருமனில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவுதானா என்று எண்ணவேண்டாம், துருவின் பிடியை உடைக்க அதுவே மிகுதி. ஆனால் குடம் மட்டும் சூடாகவேண்டும். நேரம் சென்றால் தண்டும் உடன் சூடாகிப் பலன் போய்விடும். முதல்நாள் விட்ட எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே இதைச் செய்யவேண்டும். எரியும் விளக்கைவிடச் சூடான காற்றை ஊதும் கருவி நல்லது. பழைய சக்கரங்களின் மேலுறையும் ஹாரன் கம்பியின் உறையும் தீயைத் தாங்கா. ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடம் விடுபடுவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரியும். 'டக்'கென்ற ஓசையோடு திருகு தளரும். அப்போது புல்லரை எடுத்து, நட்டையும் எடுத்து, சக்கரத்தைக் கையால் தூக்கிவிடலாம்.

திரும்ப மாட்டுமுன் வரிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். வரிகள் நசுங்கியோ தேய்ந்தோ இருந்தால் அந்தக் குடத்தை மறுபடி மாட்டுவது தற்கொலைக்கு ஒப்பு. விலையைப் பாராமல் மாற்றுங்கள். நன்றாயிருந்தால் புள்ளிக்குப் புள்ளி நேராக இறக்கி, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு, அவ்வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு நட்டை முடுக்குங்கள். ஹாரன் கம்பியை மாட்டிப் பாட்டரியை இணைத்த பின், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இருமுறை திருப்பிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் வரவேண்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு ஹாரன் பொத்தானை மீண்டும் எடுத்து, நட்டு நெகிழ்ந்திருக்கிறதா என்று ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.