சுரங்கத்தில் வருமுன் காத்தல்

நுழையும்முன்

பகலவன் ஒளி ஒருபோதும் எட்டாத ஆழத்தில் நாள்தோறும் பல்லாயிரவர் உழைக்கின்றனர். பணிநேரம் முடிந்ததும் அவர்கள் நலமாக மேலேறி வருவதற்கு நற்பேறு மட்டும் காரணமன்று. கீழே என்ன நேரக்கூடும் என்பதை அவர்கள் இறங்குவதற்கு முன்பே ஒருவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவ்வாறு எண்ணிப் பார்க்கும் முறையை இவ்வுரைநடைப் பகுதி விளக்குகிறது.

ஆபத்தும் இடரும்

ஆபத்து, இடர் ஆகிய இரு சொற்களையும் அன்றாடப் பேச்சில் ஒரே பொருளில் வழங்குகிறோம். சுரங்கப் பாதுகாப்புத் துறையினர் அவற்றைப் பிரித்தே ஆள்வர். நிலக்கரிப் படலத்துள் மீத்தேன் அடைபட்டுக் கிடப்பது ஆபத்து. அது கசிந்து தீப்பொறியைச் சந்திப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு, அவ்வேளையில் அங்கே எத்தனை பேர் இருப்பர், நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பெறுவது இடர். ஆபத்து நிலத்தின் இயல்பால் அமைவது. இடரோ மனிதர் எடுக்கும் முடிவுகளால் கூடவும் குறையவும் செய்வது.

வாய்ப்பையும் விளைவையும் சேர்த்து எடைபோடுவதே இடர் மதிப்பீடு. இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பவர் பிழை செய்வார். சுரங்கக் கூரையிலிருந்து கல் உதிர்வது அடிக்கடி நிகழ்வது. ஒரு நேரத்தில் ஒருவரையோ இருவரையோ தாக்குவது. பழகிப்போன காரணத்தால் அது சிறிதாகத் தோன்றுகிறது. வளி வெடிப்பு மிக அரிது. ஆயினும் 1906ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் நிலக்கரித் தூசி வெடித்தபோது 1,099 பேர் மாண்டனர். அரிதாக நிகழ்வது என்பதாலேயே அது மறக்கப்படுகிறது.

கருவிகள் பெருகிய பின்னும் தொழிலாளரின் புலனறிவுக்கு மதிப்புக் குறையவில்லை. கூரையைக் கம்பியால் தட்டிக் கேட்பது பழைய வழக்கம். கணீரென ஒலித்தால் பாறை உறுதியாக உள்ளது. பொள்ளலாக ஒலித்தால் பிளவுபட்டுள்ளது. மரத்தூண்கள் முறிவதற்குமுன் முனகும் என்பதால் அவற்றையே விரும்பிய முதிய தொழிலாளர் பலர். மதிப்பீட்டுக் குழுவில் பொறியாளர் மட்டுமே அமர்ந்தால் இந்த அறிவு ஏட்டில் ஏறாமலே போகும்.

மௌரா சொல்லும் செய்தி

ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் மௌரா என்னும் ஊரின் இரண்டாம் எண் சுரங்கத்தில் 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் இரவு வெடிப்பு நிகழ்ந்தது. அப்போது கீழே 21 பேர் இருந்தனர். பதின்மர் தப்பினர், 11 பேர் திரும்பவில்லை. இரு நாள் கழித்து இரண்டாம் வெடிப்பு நிகழ்ந்ததால் மீட்பு முயற்சி கைவிடப்பட்டது. சுரங்கம் மூடி முத்திரையிடப்பட்டது. இறந்தோரின் உடல்கள் இன்றும் உள்ளேயே உள்ளன.

நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உட்கொண்டு தானாகவே சூடேறும் இயல்புடையது. மௌராவில் ஒரு பகுதியில் அவ்வாறு சூடேறத் தொடங்கியதற்கு அடையாளங்கள் இருந்தன. தார் போன்ற வாடையைச் சிலர் பல வாரங்களுக்கு முன்பே உணர்ந்தனர். கார்பன் மோனாக்சைடு அளவும் ஏறிவந்தது. இங்கே ஒரு நுட்பத்தை மனத்திற்கொள்ள வேண்டும். காற்றோட்டம் மிகுதியாக இருந்தால் அவ்வளி கலைந்துபோய், விழுக்காட்டளவில் மிகக் குறைவாகவே தோன்றும். நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் உருவாகிறது என்று கணக்கிட்டால்தான் உண்மை விளங்கும். வாடை ஒருவருக்குத் தெரிந்தது. அளவு மற்றொருவருக்குத் தெரிந்தது. முந்தைய பணிமுறையின் ஐயம் அடுத்த பணிமுறைக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை.

பிறகு அப்பகுதி சுவரெழுப்பி அடைக்கப்பட்டது. அடைத்துவிட்டால் ஆபத்து அடங்கியது என்றே எவருக்கும் தோன்றும். உண்மை வேறு. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதே வெடிக்கும். அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் வெடிக்காது. காற்றோட்டம் நின்ற அறையில் மீத்தேன் படிப்படியாகச் சேர்ந்து அந்த எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும் வேளையில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நிலக்கரி தீயிடக்கூடும். அந்நேரத்தில் ஒருவரும் நிலத்தடியில் இருக்கலாகாது. ஆனால் அடைத்த மறுநாள் இரவு பணியாளர் வழக்கம்போல் இறக்கப்பட்டனர். வேதியியல் நூலில் உள்ள செய்திதான். முடிவெடுக்கும் இடத்தில் அது இல்லாமற்போனது என்பதே இந்நிகழ்வில் நெஞ்சை உறுத்துவது.

இதன்பின் குயின்சுலாந்து 1999இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கமும் தன் இடர்களைத் தானே கண்டறிந்து பாதுகாப்பு மேலாண்மை முறையை வகுக்க வேண்டும் என்றது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளும் பாதுகாப்பு மேலாண்மைத் திட்டத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. திட்டம் அலமாரியில் உறங்கும் ஏடாகிவிடாமல் காப்பது அவ்வளவு எளிதன்று.

தெரியுமா?

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அதனை அறிய, சுரங்கத்துக்குள் கேனரிப் பறவையைக் கொண்டுசெல்லும் முறையை ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் பரிந்துரைத்தார். விரைந்து மூச்சுவிடும் சிறு பறவை, மனிதருக்கு முன்பே தளர்ந்துவிடும். பிரிட்டனில் 1986 வரை இவ்வழக்கம் நீடித்தது.

தலைக்கவசம் கடைசியில்

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசமே பலருக்கு நினைவுக்கு வரும். இடர் மேலாண்மையில் அதற்குக் கடைசி இடம். முதலில், ஆபத்தையே அகற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். வெட்டத் தொடங்குமுன் துளையிட்டு மீத்தேனை உறிஞ்சி எடுப்பது அத்தகையது. எஞ்சியதைக் காற்றோட்டத்தால் கலைக்கலாம். நிலக்கரித் தூசியின்மேல் சுண்ணக்கல் தூளைப் பரப்பினால் தீ பரவுவது தடைப்படும். ஓரிடத்தில் மீத்தேன் 1.25 விழுக்காட்டை எட்டினால் மின்சாரத்தைத் துண்டித்து ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இவை யாவும் தவறும்போதுதான் தலைக்கவசமும் இடுப்பில் தொங்கும் சுவாசக் கருவியும் உதவிக்கு வருகின்றன.

அகற்ற இயலாத ஆபத்துகளும் உண்டு. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. மேலுள்ள பாறையின் சுமை தாங்காமல் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும். அங்கே இயன்றதெல்லாம், அதிர்வுகளைக் கருவிகளால் பதிவுசெய்து, தாங்கு அமைப்புகளை வலுப்படுத்தி, வெட்டும் வரிசையை மாற்றியமைப்பதே.

பக்கத்தில் நிற்கும் நீர்

நீரின் வழி வேறு. கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களில் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கி நிற்கும். தன்பாத்துக்கு அருகிலுள்ள சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று அவ்வாறு தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு புகுந்ததில் 375 பேர் மாண்டனர். நீர் தேங்கிய இடத்திலிருந்து 60 மீட்டருக்குள் இசைவின்றி வெட்டக்கூடாது என்று விதி உண்டு. ஆயினும் அந்த 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? பழைய வரைபடம் பிழையாக இருந்தால் விதியும் பிழைபட்டுப்போகும். ஆதலால்தான் வரைபடத்தை நம்பியிராமல், முன்னோக்கித் துளையிட்டு அறிந்தபின் வெட்டுகின்றனர்.

மேற்கு வங்கத்தின் இராணிகஞ்சில் உள்ள மகாவீர் சுரங்கத்தில் 1989 நவம்பர் 13 அன்று பக்கத்துப் பழைய பகுதியின் நீர் உட்புகுந்தது. 71 பேர் வெளியேற வழியின்றிச் சிக்கினர். அவர்கள் ஒதுங்கியிருந்த மேட்டுப்பகுதியை நோக்கி மேலிருந்து துளையிட்டு, ஓர் ஆள் நிற்கும் அளவிலான இரும்புக் கூண்டை இறக்கினர். அதில் தாமே முதலில் இறங்கியவர் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். ஒவ்வொருவராக அறுபத்தைந்து பேரை மேலே அனுப்பிவிட்டு, நவம்பர் 16 அன்று இறுதியாக அவர் ஏறிவந்தார். எஞ்சிய அறுவரையும் முதல் நாளே வெள்ளம் கொண்டுசென்றிருந்தது.