மாதிரிக்கு ஒத்த சரக்கு

வணிகவியல் மாணவர்களாகிய நாம் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் படிக்கிறோம். அதன் 17ஆம் பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. மொத்தச் சரக்கு தரத்தில் மாதிரியை ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்குத் தக்க வாய்ப்பு வேண்டும். மாதிரியைச் சாதாரணமாகப் பார்த்தால் புலப்படாத, வாணிகத்துக்கே உதவாமல் செய்கிற குறை சரக்கில் இருத்தலாகாது. தேர்வு எழுத இந்த மூன்றும் போதும். ஆனால் கோடை விடுமுறையில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் சாம்பிள் பிரிவில் உதவியாளாக வேலை பார்த்தபோதுதான், ஒரே சட்டைக்கு எத்தனை மாதிரிகள் உண்டு என்பதை அறிந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

மாதிரி காட்டி நெய்விப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் எழுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டித் துணி வாணிகம் செய்தனர். ஐரோப்பியக் கம்பெனிகள் கேட்கும் கட்டத்துக்கும் கோட்டுக்கும் மாதிரித் துண்டு அனுப்பி, அதைப் பார்த்து நெய்யச் சொல்லும். அந்தத் துண்டுக்கு ‘மஸ்டர்’ என்று பெயர். போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. ‘புலிகட்’ என்ற ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் ஒருவகை வண்ணக் கைக்குட்டைக்குப் பெயராயிற்று. மாதிரியால் வேறொன்றும் நடந்தது. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளில் 700 துண்டுகளை வெட்டி, 18 தொகுதிகளாக ஒட்டி, 20 படிகள் தயாரித்தார். அவற்றில் 13 பிரிட்டனுக்குப் போயின. அங்குள்ள ஆலைக்காரர், இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று தொட்டுப் பார்த்து அதேபோல் நெய்ய அவை உதவின. நெசவாளியின் மாதிரி அவனுக்கே போட்டியாக வந்த கதை இது.

இனி ஆலைக்குள் செல்வோம். வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தையும் அளவுத் தாளையும் வைத்து முதலில் தைப்பது ‘புரோட்டோ’. உருவம் சரியா என்று பார்ப்பதற்கே அது. கையில் கிடைத்த துணியில், கிடைத்த பட்டனோடு தைப்பார்கள். கடைக்காரர்களிடம் காட்டி ஆர்டர் பிடிக்கத் தைப்பது ‘சேல்ஸ்மேன் சாம்பிள்’. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான வேலை ‘ஃபிட் சாம்பிளில்’ தொடங்குகிறது. நடுத்தர அளவில் ஒன்று தைத்து, டம்மிக்கோ ஆளுக்கோ அணிவித்துப் பார்ப்பார்கள். தோள் இறங்குகிறதா, கையைத் தூக்கினால் அக்குள் இழுக்கிறதா என்று குறிப்பு வரும். பேட்டர்னைத் திருத்தி மறுபடி தைக்க வேண்டும். இங்குதான் துணியின் சுருக்கம் குறுக்கே நிற்கும். துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்துத் துவைத்து உலர்த்தி அளப்பார்கள். 45 ஆகிவிட்டால் சுருக்கம் நூற்றுக்குப் பத்து. துவைத்த பின் சட்டை 70 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டுமானால் எவ்வளவு வெட்டுவது? புதிதாக வருகிற எவரும் 77 என்பார்கள். “கூட்டாதே தம்பி, வகு” என்பார் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர். எழுபதை 0.9ஆல் வகுத்தால் 77.8. எழுபத்தேழில் வெட்டினால் துவைத்த பின் 69.3தான் நிற்கும். சில அளவுகளுக்கு அரை சென்டிமீட்டர் வேறுபாடே அனுமதி என்னும்போது இந்த ஏழு மில்லிமீட்டர் ஒரு சரக்கையே திருப்பி அனுப்பப் போதுமானது. மாஸ்டர் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர். நம்மில் பலரைவிட விகிதக் கணக்கு அவருக்கு நன்றாக வரும்.

அடுத்து ‘சைஸ் செட்’. சிறியது முதல் மிகப் பெரியது வரை எல்லா அளவிலும் ஒவ்வொன்று. நடு அளவில் சரியாக உட்கார்ந்த காலர், பெரிய அளவில் கழுத்தை விட்டு விலகி நிற்பதை இதில்தான் கண்டுபிடிக்க முடியும்.

சோதனைக்கென்று தனியே சில உடைகள் போகும். சாயம் போகிறதா, தையல் பிரிகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தைகளின் உடையில் பட்டனை 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. பிய்ந்தால் குழந்தை விழுங்கிவிடும் அல்லவா! சாயச் சோதனை என்றதும் நம் சென்னையின் பெயர் பெற்ற துணி நினைவுக்கு வருகிறது. 1958இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத்துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு 10,000 கெஜம் போயிற்று. எச்சரிக்கை மட்டும் போகவில்லை. வாங்கியவர்களின் சட்டைகள் சாயம் கலந்து போயின. பிறகு விளம்பரக்காரர்கள் ‘சாயம் போகும் என்பது உறுதி’ என்று அதையே பெருமையாக்கி விற்றார்கள். எல்லா ஏற்றுமதியாளருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

எல்லாவற்றிலும் பெரியது ‘பி.பி. சாம்பிள்’, அதாவது உற்பத்திக்கு முந்தைய மாதிரி. உண்மைத் துணி, உண்மை நூல், உண்மை லேபிள். இதற்கு பையர் ஒப்புதல் தந்து முத்திரை அட்டை கட்டிய பிறகே மொத்தத் துணியில் கத்தி வைப்பார்கள். நம் 17ஆம் பிரிவு சொல்லும் மாதிரி ஏறக்குறைய இதுதான். பின்னர் லைனிலிருந்து எடுத்து அனுப்பும் ‘ஷிப்மென்ட் சாம்பிள்’ இதோடு ஒப்பிடப்படும். ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு ‘கவுண்ட்டர் சாம்பிள்’ ஆலையின் அலமாரியிலேயே தொங்கும். வழக்கு வந்தால் அதுவே சாட்சி.

பாடநூலில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதிரி உடையைத் தைக்கும்போதே நேரக்கணக்கும் எடுக்கிறார்கள். ஒரு சட்டைக்கு 20 நிமிடம் என்று முடிவானால், 30 மெஷின் உள்ள லைனில் மணிக்கு 1800 நிமிடம். முழுத்திறனில் 90 சட்டை, நூற்றுக்கு அறுபது திறனில் 54. அந்த 54தான் லைனில் உட்காரும் பெண்களின் தலைக்கு மேல் பலகையில் எழுதப்படும். குறைந்தால் சூப்பர்வைசரின் சத்தம், மாலையில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிடும் ஓவர்டைம். நேரத்தை எந்தக் கையை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது ஆகவே சின்ன விஷயமன்று. சாம்பிள் டெய்லர் ஆலையிலேயே தேர்ந்த கைகாரர். காலர் முதல் காஜா வரை தனியொருவராகத் தைப்பவர். லைனில் இருப்பவரோ கிராமத்திலிருந்து வந்து மூன்று மாதம் ஆனவர். நாள் முழுதும் ஒரு கஃப் மட்டும் வைப்பவர். இருவருக்கும் ஒரே கடிகாரம் பொருந்தாது. நேரம் அளப்பவர்கள் வேகத்துக்கும் களைப்புக்கும் தனி விழுக்காடு ஒதுக்கிச் சேர்க்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்த இடத்தில் களைப்புக்கு ஒதுக்கியதைக் காணவில்லை. சுமாரான மூன்று பேரை லைனிலேயே தைக்கச் செய்து, புது மாடல் கைக்குப் பழகச் சில நாள் விட்டு அளந்தால் 20 நிமிடம் 24 ஆகலாம். அப்போது அதே கணக்கில் பலகையில் 45 என்று இருக்கும்.