தட்டு தெரிகிறதா? தண்ணீரில் இறங்குமுன் தம்பதியர் பார்க்க வேண்டியது



பிள்ளைக்குத் தடுப்பூசியும் சொட்டு மருந்தும் காலாகாலத்தில் போட்டுவிட்டீர்கள். சந்தோஷம். அதே பிள்ளையைத் தண்ணீரில் பறிகொடுக்காமல் காப்பதும் குடும்ப நலந்தான். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

நம் வானூர்ப் பக்கம் பாசனக் கிணறு உண்டு, ஏரி உண்டு. கல் வெட்டி எடுத்தபின் விட்டுவிட்ட குவாரிப் பள்ளங்களும் உண்டு. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் அங்கேதான் ஓடுகிறார்கள். பெரியவர்கள் மட்டும் சும்மா இருக்கிறார்களா? மோட்டார் தண்ணி எடுக்கலேன்னா, புட்வால்வைப் பார்க்கக் கிணற்றில் முங்குகிறவர் வீட்டுக்காரர்தானே!

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறவர்கள்கூட, இறங்குமுன் தண்ணீரில் எத்தனை தூரம் கண் தெரியும் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து ஊற்றுகள் கண்ணாடிபோல இருக்கும். ஆனாலும் மழையில் பக்கத்து ஆறு பெருகினால் அதன் காப்பி நிறத் தண்ணீர் ஊற்றுக்குள் ஏறிவிடும். அடி வண்டலைக் காலால் கிளப்பிவிட்டாலோ, தன் கையே தனக்குத் தெரியாது. காற்று உருளை உள்ளவனுக்கே இந்தக் கதி என்றால், மூச்சை அடக்கி முங்குகிறவருக்கு என்ன ஆகும்?

பார்ப்பது எப்படி? 1865-இல் இத்தாலி நாட்டு செக்கி என்ற பாதிரியார் வெள்ளை வட்டத் தட்டைக் கடலில் இறக்கிப் பார்த்தார். விஞ்ஞானிகள் இன்றும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கும் செலவில்லை. பழைய தட்டு ஒன்றுக்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். எவர்சில்வர் அப்படியே உதவாது, பளபளப்பு ஏமாற்றும். அடியில் கல்லைக் கட்டித் தட்டு மட்டமாகத் தொங்கும்படி கயிற்றில் கோருங்கள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. நல்ல வெளிச்சத்தில், நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் இடத்தில் முடிச்சை எண்ணுங்கள். ஒருவர் இறக்க, மற்றவர் பக்கத்தில் நிற்கட்டும். குவாரி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து இதைச் செய்யவே வேண்டாம். அந்தத் தண்ணீரில் இறங்கத்தான் கூடாதே!

தரையைத் தொடுமுன் தட்டு மறைந்தால் யாரும் இறங்காதீர்கள். அடியில் கல்லா, கம்பியா, சேறா என்று உங்களுக்குத் தெரியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். வெள்ளைத் தட்டே மறையும் தண்ணீரில் மாநிறக் குழந்தை அதற்கு முன்பே மறைந்துவிடும். சில நிமிஷத்தில் தூக்க வேண்டிய உயிரைத் துழாவித் தேட வேண்டியிருக்கும்.

"என்னங்க, தண்ணி தெளிவாத்தான் இருக்கு, அடி தெரியுதே" என்றால் சரியா? பாதிதான் சரி. மேலிருந்து பார்க்கும்போது தண்ணீரின் ஆழம் முக்கால் பங்காகத்தான் தோன்றும். நான்கு மீட்டர் பள்ளம் மூன்று மீட்டராகத் தெரியும். கண்ணை நம்பாமல் முடிச்சை நம்புங்கள்.

நேற்றுப் பார்த்தது இன்றைக்கு ஆகாது. ஐப்பசி மழையில் சேறு கரைகிறது, சித்திரையில் பச்சைப்பாசி கட்டுகிறது. நாலு பிள்ளைகள் குதித்தாலே கிணறு கலங்கிவிடுகிறது.

குடம் விழுந்தால் பாதாளக் கரண்டி போடுங்கள், ஆள் முங்க வேண்டாம். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறோ, புடவையோ, மூடிய காலிக் கேனோ வீசுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. தூக்கியவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. தட்டையும் கயிற்றையும் பம்புசெட் கொட்டகையிலேயே ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.