துத்தநாகத் தாதுவும் நமது நெல் வயலும்

காவிரிப் படுகையில் உலோகச் சுரங்கம் ஏதும் இல்லை. ஆறு கொணர்ந்து சேர்த்த வண்டலே நமது செல்வம். எனினும், நடவுக்கு முன் நாம் வயலில் இடும் சிங்க் சல்பேட் என்னும் உப்பு, பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் துத்தநாகத்தினின்று பெறப்படுவதாகும். அவ்வுலோகத்தின் தாது எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தால், நமது வயலில் நிகழ்வதும் எளிதில் விளங்கும்.

தாது உண்டாகும் விதம்

துத்தநாகம் எல்லாப் பாறைகளிலும் சிறிது உண்டு. பூமியின் மேலோட்டில், பத்து லட்சம் பங்கில் அது சராசரியாகச் சுமார் 70 பங்கே ஆகும். இவ்வளவு சொற்பமானதைப் பிரித்தெடுத்தால் செலவுக்குக் கட்டாது. இயற்கையே அதனை ஓரிடத்தில் நூற்றுக்குச் சில பங்கு என்னும் அளவுக்குத் திரட்டி வைத்திருந்தால்தான், அப்பாறை தாது எனப் பெயர் பெறும்.

பண்டைக் கடல்களின் அடியில், பிளவுகளினூடே சுழன்ற வெந்நீர் பாறைகளிலிருந்த உலோகத்தைக் கரைத்துச் சென்றது. கடலடிச் சேற்றில் அது கந்தகத்துடன் கூடியபோது, கரையாத பொருளாகப் படிந்தது. சேறு இறுகிப் பாறையாயிற்று. ராஜஸ்தானத்தின் ஜாவர், ராம்புரா ஆகுச்சா ஆகிய இடங்களிலுள்ள பெரும் படிவுகள் இவ்வாறு நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியவை. ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மண்குடுவைகளில் தாதுவைச் சூடேற்றி, ஆவியைக் குளிரவைத்துத் துத்தநாகம் எடுத்தனர்.

ஆராயும் முறை

1851-ல் நிறுவப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் முதலில் பாறைகளின் படம் வரைவர்; துருவேறிய மேற்பரப்பைத் தேடுவர்; ஓடைமண்ணைச் சோதிப்பர். பிறகு பல இடங்களில் ஆழத் துளையிட்டுப் பாறைத் தண்டுகளை எடுத்து, உலோக அளவைக் கணிப்பர். நமது மாநிலத்தில் கல்வராயன் மலைப் பக்கத்து மாமண்டூரில் செம்பு, காரீயம், துத்தநாகம் கலந்த தாது இவ்வாறு ஆராயப்பட்டது. ஒரு கல்லைக் கொண்டு மலையை மதிப்பிடுவதில்லை என்பதே இத்துறையின் முதற் பாடம்.

வயலில் நிகழ்வது

நீர் தேங்கிய வயலிலும் காற்று புகுவதில்லை. அங்கேயும் துத்தநாகம் கந்தகம் முதலியவற்றுடன் சேர்ந்து கரையாநிலை அடைகிறது. களர் நிலத்தில் இக்குறை மிகும். மண்ணில் துத்தநாகம் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடியிலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றும். இளம் இலைகளின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுக்கும். பயிர் திட்டுத் திட்டாகக் குன்றும். 1966-ல் பந்த்நகரில் இந்நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் எனக் கண்டறிந்தனர். இதனைப் பூச்சித் தாக்குதல் என்று கருதி மருந்து தெளித்தால் பணமும் பருவமும் வீணாகும்.

செய்ய வேண்டுவன

ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து, கடைசி உழவுக்குப் பின், நடவுக்கு முன் சீராகத் தூவுக. சூப்பர் பாஸ்பேட்டுடன் கலத்தல் ஆகாது. குறி தோன்றிவிட்டால், 10 லிட்டர் நீருக்கு 50 கிராம் சிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து, குறி மறையும் வரை 15 நாட்களுக்கு ஒருமுறை தெளிக்கலாம்.

இடுவதற்கு முன் மண் பரிசோதனை அவசியம். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்புக. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் சேகரித்தால் கணக்குப் பிழையாகும். பிளாஸ்டிக் வாளியே ஏற்றது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் குறுவை நாற்றுவிடும் முன்பே இவ்வேலையை வார்டு வாரியாக ஏற்பாடு செய்தல் நலம். இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் திரட்டிய பொருளை, வேண்டும் வயலுக்கு வேண்டும் அளவு மட்டுமே இடுவது நமது கடமையாகும்.